பழைய மேப்பில் இல்லாத அரண்மனை

என் பெரியப்பாவுக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி இருந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் மாடி வீடு இருந்தது. வாசலில் கறுப்புக் கார் நின்றது. இல்லாமலிருந்தது பரம்பரை ஒன்றுதான். மகனுக்குப் பெண் தேட ஆரம்பித்ததும் அதையும் ஏற்பாடு செய்துகொண்டார்.

நாங்கள் மருங்காபுரிப் பக்கத்துக் குடியானவர்கள். வானம் பார்த்த ஊர். கம்பும் கடலையும் விளைந்தால் பெரிய காரியம். ஆனால் அந்த ஊரிலேயே எங்கள் குடும்ப நிலம் கிடந்த பக்கம் மட்டும் நெல் விளைந்தது. பெரியப்பா இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ஜமீனுக்குத் தளவாயாம். அவருடைய வீரத்துக்குப் பரிசாக ஜமீன் கொடுத்த நிலமாம். நிலத்தின் ஓரத்தில் நீளமாகக் கிடக்கும் மண் மேடு தளவாயின் அரண்மனை இடிந்து விழுந்த இடமாம். மேட்டின் நடுவில் நின்ற இரண்டு கல்தூண்கள்தான் அரண்மனை வாசல். தூண்களுக்குக் குறுக்கே கிடந்த பலகைக்கல்லில் வட்டமாக ஓட்டை உண்டு. அதில் அரண்மனை மணி தொங்கியதாம். எந்த ஊரிலாவது வாசல்மணியை ஆள் மூக்கு உயரத்தில் தொங்கவிடுவார்களா என்று கேட்க எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. சாப்பாடு போடுகிறவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவது எங்களுக்குப் பழக்கம்.

நான் அப்போது திருச்சியில் ஒரு பெண்கள் ஸ்கூலில் பூகோள டீச்சர். முசிறியில் ஆற்றங்கரையோரம் நெல்லும் வாழையுமாகச் செழித்திருந்த ஒரு குடும்பம் பெண் கொடுக்கத் தயாராக இருந்தது. பெண்ணின் அப்பா பெரியப்பாவின் மண்டிக்கு வாழைத்தார் அனுப்புகிறவர். பேச்சு நடக்கும்போது அவர் தளவாய்க் கதையை ஒருமாதிரி சிரித்துக்கொண்டு கேட்டாராம். அந்தச் சிரிப்பு பெரியப்பாவைச் சுட்டுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, நீதான் மேப்பு மேப்புன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறியே. வெள்ளைக்காரன் காலத்து மேப்புல நம்ம அரண்மனை இல்லாமலா இருக்கும்? எடுத்துட்டு வந்து சம்பந்தி முன்னால விரிச்சுக் காட்டு."

"இருந்தா காட்டுறேங்க பெரியப்பா."

"இருந்தாவா? இவ்வளவு படிச்சு என்ன பிரயோசனம்?"

கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு அறையில் அந்தப் பழைய படத்தைப் பார்க்க அனுமதி வாங்குவதற்குள் காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. துணியில் ஒட்டிய காகிதம். மடிப்புகளில் கிழிந்திருந்தது. ஆனால் கோடுகள் மயிரிழை பிசகாமல் இருந்தன. குன்றுகள், ஓடைகள், ஒவ்வொரு கோயிலும் தனித்தனி அடையாளத்தோடு. எங்கள் ஊரை விரல் வைத்துத் தேடினேன். கரட்டுக் குன்று இருந்தது. அய்யனார் கோயில் இருந்தது. எங்கள் நெல் வயல் இருக்கவேண்டிய இடத்தில் நீலம் இருந்தது. பிறைபோல வளைந்த ஒரு கரை, அதற்கு மேற்கே முழுக்கத் தண்ணீர். கரைக்குக் கிழக்கே, இன்றைக்குக் கள்ளி மண்டிக் கிடக்கும் நிலமெல்லாம் அன்று நஞ்சை. ஜமீன் ஒழிந்தபின் புதிதாக அளந்து போட்ட கிராமப் படத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஏரி இல்லை. அதே வளைவுக்குள் எங்கள் வீட்டுப் பட்டா இருந்தது.

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ட்ரேசிங் துணியில் வரைந்தேன். ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் சட்டையும் உடம்பும்போலப் பொருந்தின. அன்று வீடு திரும்பும்போது எனக்கு வருத்தமே இல்லை. அந்த மணி தொங்கிய ஓட்டையை நினைத்து பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன்.

பெரியப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "மேப்புல அரண்மனை இல்லைங்க பெரியப்பா. ஏரிதான் இருக்கு."

"அரண்மனைன்னா பக்கத்துல ஏரி இல்லாமலா இருக்கும்? புறப்படு."

காரில் துவரங்குறிச்சி வழியாகப் போனோம். முன்னால் முசிறிக்காரர். பட்டுக்கரை வேட்டி, விரல் நிறைய மோதிரம். பின்னால் பெரியப்பாவும் அப்பாவும் நானும். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் கிளார்க். அண்ணன் எதிரில் வாயைத் திறக்கமாட்டார். ஊரில் எங்கள் குத்தகைக்காரர்கள் இளநீரோடு காத்திருந்தார்கள். பெரியப்பா மேட்டில் ஏறி நின்று, இது கொலு மண்டபம், இது குதிரை லாயம் என்று கைத்தடியால் காட்டிக்கொண்டே வந்தார். குத்தகைக்காரர்கள் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். லாயத்தை இடம் மாற்றியிருந்தாலும் அப்படியே சொல்லியிருப்பார்கள்.

"இப்ப மேப்பை விரி," என்றார் பெரியப்பா.

விரித்தேன். கரட்டையும் கோயிலையும் பார்த்துத் திசை சரிசெய்தேன். பிறகு, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னேன்.

"நாம நிக்கிறது ஏரிக்கரைங்க. இந்தத் தூண் ரெண்டும் மதகு. ஓட்டையில கம்பு ஒண்ணு இறங்கும். கம்பைத் தூக்கினா கிழக்கே தண்ணி பாயும், இறக்கினா நிக்கும். நம்ம வயல் முழுக்க ஏரிக்குள்ள இருக்கு. யாரோ கரையை வெட்டித் தண்ணியை விட்டுட்டு ஏரியை உழுதிருக்காங்க. அதனாலதான் நமக்கு நெல்லு. மத்தவங்களுக்குக் கள்ளி."

 குத்தகைக்காரர்கள் இளநீர்க் குலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்போலும். பெரியப்பாவின் கழுத்து சிவந்தது. சம்பந்தம் முறிந்தது என்று நினைத்தேன். ஒளிப்பானேன், சந்தோஷமாகவே நினைத்தேன்.

முசிறிக்காரர் என் கையிலிருந்த துணியை வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இந்த வளைவு முழுக்கவா?"

"வடக்கு மூலையில ஒரு துண்டு போக முழுக்கத்தான்."

"புது சர்வேயில பட்டா இவங்க பேருலயே ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

அவர் பெரியப்பா பக்கம் திரும்பினார். முசிறிக்காரர் முகத்தில் முதல்முறையாக மரியாதையைப் பார்த்தேன்.

"தளவாய், அரண்மனைன்னு என்னென்னமோ சொன்னீங்களே. இதை ஏன் முதல்லயே சொல்லலை? எங்க ஊருல வாய்க்கால் ஓரம் ஒரு முழம் எடுக்க நாங்க படாத பாடு படுறோம். உங்க ஆளுங்க ஏரியையே எடுத்திருக்காங்க! தை மாசமே வச்சுக்கலாம்."

பெரியப்பா ஒரு கணம்தான் தடுமாறினார். "அந்தக் காலத்துல கெட்டிக்காரங்க இருந்தாங்க," என்றார், மீசையைத் தடவிக்கொண்டே.

திரும்பும் வழியெல்லாம் இருவரும் அந்த மண்ணில் கிணறு வெட்டினால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். மேட்டை உடைத்துக் கல்லை விற்கலாம் என்றார் ஒருவர். மற்றவர் அதற்கு வழி சொன்னார்.

அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கி, நானும் அப்பாவும் பஸ்ஸுக்கு நடந்தோம். அப்பா தலையைக் குனிந்துகொண்டே நடந்தார். பாவம், மனுஷன் கூசிப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த மேப்புல நம்ம பங்கு எதுன்னு கோடு போட முடியுமா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரோடு நான் முகம் கொடுத்துப் பேச ஒரு மாதமாயிற்று.

முறையிட இன்னும் ஓர் இடம் பாக்கி இருந்தது. இரண்டு படத்தையும் நகல் எடுத்துக்கொண்டு அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். மகா நல்லவர்போல மோர் கொடுத்து உட்காரவைத்தார். படத்தைக் கூர்ந்து பார்த்தார். பிறகு ஏரியின் வடக்கு மூலையில் விரலை வைத்தார்.

"இது எங்க வயலுங்க," என்றார். "இதையெல்லாம் எதுக்குங்க கிளறிக்கிட்டு? ஊர் ஒத்துமையா இருக்கு."

கல்யாணம் தை மாதம் ஸ்ரீரங்கத்தில் நடந்தது. நான் போனேன். போகாவிட்டால் ஏதோ பொறாமை என்பார்கள். பெரியப்பா வாசலில் நின்று முசிறி ஆட்களுக்கெல்லாம் என்னைக் காட்டினார். "எங்க வீட்டுப் பொண்ணுதான். மேப்பு பார்த்தே நம்ம நிலத்தோட சரித்திரத்தைக் கண்டுபிடிச்சா." அவர்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

அடுத்த வருஷம் மேட்டை உடைத்தார்கள். தூண்கள் இரண்டும் ஸ்ரீரங்கம் வந்து, பெரியப்பா வீட்டுக் கேட்டில் இரண்டு பக்கமும் நின்றன. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவர் அதை அரண்மனை வாசல் என்றே சொல்லிவந்தார்.