எல்லைக்கல்லுக்கு ஒரு வேண்டுதல்

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. இது நடந்தது. என் வலது கை அதைப் பிடித்தது. அதன்பிறகு அந்தக் கையால் நான் சோறு பிசைந்ததில்லை. ஸ்பூன்தான்.

மாடம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி. பெயரைச் சொன்னால் அங்கே மனை வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஏரி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். மேலே ஆகாயத்தாமரை. அடியில் கறுப்புத் தண்ணீர். ஓரத்தில் கோழிக்கடை இறகு, டயப்பர், ஊறி வெடித்த மெத்தை. கரையோரத்து வீட்டுக் குழாய்கள் இரவும் பகலும் அதற்குள் துப்பிக்கொண்டிருக்கும்.

எங்கள் வார்டில் ஏரிக் குழு என்று ஒன்று உண்டு. நாங்கள் அதிகாரிகள் இல்லை. குடியிருப்பவர்கள்தான். ஏரியோரம் யாராவது வீட்டை நீட்டிக் கட்டினால் போய்ப் பார்ப்போம். எல்லைக்கல்லைத் தாண்டியிருக்கிறார்களா? கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது? இந்த இரண்டையும் எழுதி மாநகராட்சிக்கு அனுப்புவோம். சில சமயம் படிப்பார்கள். படித்தால் நோட்டீஸ் வரும். சில சமயம் இடிக்கவும் வருவார்கள்.

தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் எல்லோரும் செப்டிக் டேங்க் என்பார்கள். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளி தண்ணீரில் கரைத்து பாத்ரூமில் ஊற்றுவோம். ஒருவர் ஏரிக்கரையில் நிற்பார். நீலம் எங்கே வெளியே தெரிகிறதோ அங்கேதான் குழாய் முடிகிறது. அதற்குமேல் யாரும் பொய் சொல்ல முடியாது.

ஏகநாதன் அந்த ஊரின் பழைய குடும்பம். அப்பா காலத்தில் ஏரிப் பாசனம், நெல். இப்போது மனை, வாடகை, ஒரு ஹார்டுவேர் கடை. வீட்டுக்குப் பின்னால், ஏரிப் பக்கம், ஒரு அறையும் அதை ஒட்டி பாத்ரூமும் கட்டியிருந்தார். மகள் கோகிலவாணிக்காக. தலைப்பிரசவம். பிள்ளை பெற்று அந்த அறைக்குத்தான் வரவேண்டும். தூளி கட்டக் கூரையில் கொக்கிகூடப் போட்டாகிவிட்டது.

அக்டோபரில் முதல் முறை போனோம். நானும் குமரவேலும். குமரவேல் எங்கள் குழுவில் இருக்கிற எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். கூட மாநகராட்சியிலிருந்து ஒரு சர்வேயர்.

அறைக்குப் பின்னால், சேற்றில், எல்லைக்கல் நின்றது. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, பக்கத்தில் ஒரு சூலமும் குத்தியிருந்தார்கள். கல்லில் வெட்டிய எழுத்து மஞ்சளுக்கு அடியில் தெரியவே இல்லை.

"இன்னா சார், போன வருஷம் இந்தக் கல்லு அங்க இல்ல இருந்துது?" குமரவேல் பாத்ரூம் சுவரைக் காட்டினான். "என் போன்ல போட்டோ கீது. காட்டவா?"

"சாமி எங்க வேணா போவும் தம்பி. உன்ன கேட்டுகினு போவணுமா?" என்றார் ஏகநாதன்.

கல்லைப் பிடுங்கி ஏரிக்குள் தள்ளி நட்டிருக்கிறார்கள். பழைய குழியின் மேல் பாத்ரூம். கல்லைச் சாமியாக்கிவிட்டால் சர்வேயர் கடப்பாரை வைக்கமாட்டார். அந்தப் பக்கத்தில் பலரும் செய்வதுதான்.  

அப்போது ஏகநாதனின் மனைவி சுந்தரவல்லி கற்பூரம் கொளுத்திக்கொண்டு வந்தாள். கல்லுக்கு முன்னால் நின்று, எங்களுக்குக் கேட்கும்படி, உரக்கச் சொன்னாள்:

"தாயே, என் பொண்ணுக்கு சுகப்பிரசவம் ஆவட்டும். அவ பூமுடிய உனக்குத் தர்றேன். பொறக்கற புள்ளைய உன் மடியில போடறேன்."

பூமுடி என்றால் கூந்தல் நுனியில் கொஞ்சம் வெட்டிக் கொடுப்பது. கும்பிட்டபடியே ஒரு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தாள். நம்புகிறோமா என்று.

சர்வேயர் செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டேப்பைச் சுருட்டினார். கிளம்பினார்.

"நவுத்தி நட்ட கல்லு அம்மனாயிடுச்சு. நம்ம கரண்ட் கம்பத்துக்கு ஒரு துணி சுத்தினா லைன்மேன் ஏறுவானாக்கா?" என்றான் குமரவேல் வெளியே வந்ததும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லைதான் போயிற்று. நீலம் மிச்சம் இருந்தது.

நவம்பரில் அதற்கு நாள் குறித்தோம். அன்று காலையிலிருந்தே மழை. சாயங்காலம் கொஞ்சம் விட்டது. போனபோது ஏகநாதன் தனியாக இருந்தார். கோகிலவாணியைக் காலையில்தான் குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சுந்தரவல்லி அங்கே.

"நீங்க போகலையா சார்?"

"பொம்பளைங்க கீறாங்க. நான் போய் இன்னா பண்ணப் போறேன்? புள்ள வூட்டுக்கு வர்றதுக்குள்ள நீங்க ஓகேன்னு எழுதிக் குடுங்க மேடம். அது போதும்."

குமரவேல் ஏரிக்கரைக்குப் போனான். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டே இருப்பது என்று ஏற்பாடு.

புது பாத்ரூம். டைல்ஸ் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. யாரும் ஒரு முறைகூடக் குளித்ததில்லை. ஆனால் உள்ளே அழுகின மீன் நாற்றம். தரை ஈரம்.

"மழை வந்தா இப்டிதான்" என்றார் ஏகநாதன்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

வடிகாலின் சல்லடையை அவர் கழற்றினார். நான் நீலத்தைக் கரைத்து ஊற்றினேன். ஒரே மடக்கில் குடித்த மாதிரி உள்ளே போனது.

"வருதா குமார்?"

"இல்லக்கா."

காத்திருந்தோம். இன்னொரு வாளி ஊற்றினேன்.

"இப்போ?"

"ஒண்ணுமே வரலக்கா. தண்ணி அப்டியே கறுப்பாதான் கீது."

ஏகநாதன் சிரித்தார். "நான்தான் சொன்னேனே மேடம். எல்லாம் டேங்குக்குப் போவுது."

அப்போது கரண்ட் போனது. போனில் டார்ச்சைப் போட்டேன். மணி 6.40.

குளுக்...

வடிகாலுக்குள்ளிருந்து.

குளுக்... குளுக்...

நீலம் திரும்பி மேலே வந்தது. கூடவே கறுப்புக் கூழ். அதில் நத்தை. வெள்ளையாகச் சின்னச் சின்னப் புழுக்கள், நெளிந்துகொண்டு. என் செருப்பைத் தொட்டது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

கூழுக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது.

துணி. காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அந்தக் கறுப்பிலிருந்து வந்தும் சுத்தமாக இருந்தது. இறுக்கமாக முடிச்சுப் போட்டிருந்தது.

"அடைப்பு இதான்" என்றார் ஏகநாதன். குந்தி உட்கார்ந்து அதைப் பிடித்து இழுத்தார்.

துணிக்குப் பின்னால் முடி வந்தது.

பின்னிய முடி.

ஒரு முழம். இன்னும் வந்தது. மூன்று கால் பின்னல். ஒரு இழைகூடக் கலையவில்லை.

"கர்மம்... எவ முடியோ..." என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "மாட்டிகிச்சு. ஒரு கை புடிங்க மேடம்."

ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை. பிடித்தேன்.

வழுவழுவென்று சேறு. சேற்றுக்கு அடியில்...

சூடு.

நனைந்த முடியின் சூடு இல்லை. தலையில் இருக்கிற முடியின் சூடு. அந்த அழுகல் நாற்றத்துக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் மணம் வந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இழுத்தோம்.

அது திரும்பி இழுத்தது.

மாட்டிக்கொண்ட பொருள் அப்படி இழுக்காது. வலித்த தலை அப்படி இழுக்கும். வெடுக்கென்று.

நான் விட்டுவிட்டேன். ஏகநாதன் விடவில்லை. இடது கையால் கதவுக்கு வெளியே துழாவி, அங்கே சாத்தியிருந்த தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்தார்.

"சார், வேணாம்..."

ஓங்கி அறுத்தார்.

உள்ளேயிருந்து ஒரு மூச்சு. நீளமாக. பிறகு நீலமும் கூழும் புழுவும் ஒரே இழுப்பில் கீழே போயின. தரை காலி.

பின்னல் மட்டும் அவர் கையில்.

போன் கரகரத்தது.

"அக்கா..."

"என்ன குமார்?"

"அந்தக் கல்லு கிட்ட யாருக்கா உக்காந்துகினு கீறது?"

"யாரு?"

"பொம்பள மாதிரி கீது... மழைத்தண்ணியில... முந்தானைய ரெண்டு கையாலயும் ஏந்திகினு..."

ஏகநாதன் என் கையிலிருந்த போனைப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார். பார்க்காமலே பின்னலை வெளியே வீசினார். சாத்தினார்.

"அக்கா. இப்போ இல்ல. யாருமே இல்ல." குமரவேலின் பல் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

கரண்ட் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஏகநாதனின் போன் அடித்தது. பேசினார். முகம் மாறியது.

"மேடம்! பொண்ணு! பேத்தி பொறந்துட்டா!"

கையைக் கழுவினார். மைசூர்பாகு டப்பாவைத் திறந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அதே கை. நகத்துக்கு இடுக்கில் நீலமும் கறுப்பும் இருந்தது. வாங்கிக்கொண்டேன். தெருமுனையில் சாக்கடையில் போட்டேன். 

மறுநாள் காலை குமரவேல் கூப்பிட்டான்.  "வந்து பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னான்.

கல்லின் அடியில் பின்னல் இருந்தது. வீசிய மாதிரி இல்லை. அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. கழுவியிருந்தது. மேலே குங்குமம்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் என்று அப்போது தெரியாது. பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, குழந்தை பார்க்கப் போகிறவளைப் போலப் போனேன்.

கோகிலவாணி தூங்கிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு கட்டியிருந்தது. குழந்தை பக்கத்தில். சுந்தரவல்லி என்னை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. பிரசவ ரூமுக்குக் கூட்டிம்போறப்போ நர்சம்மா ரெட்டைப் பின்னல் போடச் சொன்னாங்க. நான்தான் எண்ண வெச்சுப் பின்னேன். அவங்க பேண்டேஜ் துணியால நுனியில முடிச்சுப் போட்டாங்க."

என் வலது கை தானாகச் சேலையில் துடைத்துக்கொண்டது.

"வலி வந்துச்சு. திடீர்னு கத்தறா. யாரோ முடியப் புடிச்சுக் கீழ இழுக்கறாங்கன்னு. கட்டிலோட சேத்து இழுக்கறாங்கன்னு. வலியில ஒளர்றான்னு நெனச்சாங்க. புள்ள பொறந்தப்புறம் பாத்தா... ஒரு பக்கத்துப் பின்னல் இல்ல."

"எத்தனை மணிக்குக் கத்தினா?"

"ஆறே முக்கா இருக்கும். அங்க நர்சுங்களத் தவிர யாருமே இல்லக்கா. மிச்ச முடியில ஒரே சேத்து நாத்தம். நுனியெல்லாம்..." உள்ளே மகளை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "நுனியெல்லாம் நீலமா கீதுக்கா. ஏன் நீலம்?"

நீலம் எங்கே வெளியே தெரிகிறதோ அங்கேதான் குழாய் முடிகிறது.

 அவள் என்னையே பார்த்தாள். அவளுக்கும் ஏதோ புரிந்துவிட்டது.

"நான் சும்மா சொன்னேன்க்கா" என்றாள். "உங்கள ஏமாத்தறதுக்கு. அது வெறும் கல்லுதானே. அவுரு கொத்தனார வெச்சு நட்ட கல்லுதானே..."

ஏகநாதன் அந்த அறையைத் தானே இடித்தார். நோட்டீஸ் போகவில்லை. நாங்கள் எதுவும் எழுதவும் இல்லை. பாத்ரூம் தரையைப் பெயர்த்தபோது நானும் இருந்தேன். வடிகாலுக்குக் கீழே ஒரு முழத்துக்குக் குழாய். அதோடு சரி. டேங்குக்கும் போகவில்லை, ஏரிக்கும் போகவில்லை. அதற்குக் கீழே பழைய கல் நின்ற குழி. கறுப்புத் தண்ணீர், விளிம்பு வரை. மூங்கிலை விட்டுப் பார்த்தார்கள். அடி தட்டவில்லை.

கல்லைத் திரும்ப அங்கேயே நட்டார்கள். துணியை அவிழ்த்தார்கள். மஞ்சளைத் தேய்த்துக் கழுவினார்கள். எழுத்து தெரிந்தது. நிறம் மட்டும் போகவில்லை.

குழந்தையை ஏரிப் பக்கமே கொண்டுவரவில்லை. அஸ்தினாபுரத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்தார்கள். ஏரியும் இல்லை, குளமும் இல்லை. குழந்தை நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நிம்மதியாக இருந்தது.

போன வாரம் கோகிலவாணியே கூப்பிட்டாள். அவளுக்கு அம்மா எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. சாதாரணமாகத்தான் பேசினாள்.

"அக்கா, நீங்க இந்தக் கட்டடம், லீக்கேஜ் எல்லாம் பாப்பீங்களாமே? தெனம் காலைல தூளித் துணி நனைஞ்சு கெடக்குது. ஒரே சேத்து வாடை. அம்மாகிட்ட சொன்னா அழுவுது."

"குழந்தை நனைச்சிருப்பாம்மா."

"நானும் அப்டிதான் நெனச்சேன். பாப்பா நனைச்சா உள்பக்கம் நனையணும் இல்லக்கா? உள்ள நல்லா காஞ்சுதான் கீது."

தூளித் துணியைத் திருப்பிப் பார்க்கிறாள் போலிருந்தது.

"அடியில மட்டும்தான் ஈரம். யாரோ ஈர மடியில வெச்சுகினு இருந்த மாதிரி."