எங்கள் கம்பனியின் ரொறன்ரோக் கிளை

கறித்தூள் விற்பதற்காக என் கணவரை ரொறன்ரோவுக்கு அனுப்பினார்களா, அவரை அனுப்புவதற்காகக் கறித்தூள் விற்கப்போகிறோம் என்றார்களா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. மாமாவிடம் கேட்டால், "ரெண்டும்தான் பிள்ளை" என்று சிரிப்பார். சிரிப்பது கம்பனி முதலாளியா, மகனைப் பெற்ற தகப்பனா என்று பிடிக்க முடியாது.

இப்போது என் முறை வந்திருக்கிறது. கிளையைப் பலப்படுத்த என்னையும் அனுப்பப்போகிறார்களாம், இரண்டு வயது மகளைக் கொழும்பில், வெள்ளவத்தையில் விட்டுவிட்டு. விசா நேர்முகம் நெருங்குகிறது. அதற்குள் ஓம் என்றோ இல்லை என்றோ நான் சொல்லியாக வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

மாமா என்றது என் கணவரின் தகப்பனாரை. பாமன்கடைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் அவருக்கு ஒரு மில் இருக்கிறது. சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள் லொட்ஜ்களிலும் வாடகை அறைகளிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்த காலம். மிளகாயும் மல்லியும் வறுக்க அவர்களுக்கு முற்றமில்லை, இடிக்க உரலில்லை. மாமா வறுத்து அரைத்துப் பக்கற்றில் போட்டுக் கொடுத்தார். வியாபாரம் தானாகவே ஓடியது. தானாக ஓடிய வியாபாரத்தைத் தான்தான் ஓட்டியதாக மாமா நம்பத் தொடங்கியபோது வெளிநாட்டுக் கதை ஆரம்பித்தது.

கல்யாணத்துக்கு முன் நான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கந்தோரில் வேலை செய்தேன். புதிய நாடு ஒன்றுக்குத் தேயிலை அனுப்ப அங்கே படும் பாடு கொஞ்சமல்ல. அந்த நாட்டுத் தண்ணீரில் தேயிலை என்ன நிறம் காட்டும், பால் விட்டுக் குடிப்பார்களா, எந்தக் கடையில் வாங்குவார்கள், பெட்டியில் எந்த மொழி இருக்கவேண்டும் என்றெல்லாம் விசாரிப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு வியாபாரியைத் தேடிப் பிடிப்பார்கள். சாம்பிள் போகும். அவர் வேண்டாம் என்பார். கலவையை மாற்றித் திரும்பவும் அனுப்புவார்கள். பிறகு கொஞ்சமாகச் சரக்கு. அது விற்றால் இன்னும் கொஞ்சம். தங்கள் ஆள் ஒருவரை அனுப்புவது எல்லாவற்றுக்கும் பிறகு. பல நாடுகளுக்கு ஆள் போனதே இல்லை.

எங்கள் வீட்டில் ஆள்தான் முதலில் போனார்.

திட்டமிடும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் தொடர்மாடி வீட்டின் ஹோலில் நடக்கும். மாமா, என் கணவர், அவருடைய சகோதரியான மச்சாளின் கணவர். மச்சாளின் கணவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். வங்கியில் வேலை. ஒருமுறை பெரிய ஹோட்டல் ஒன்றில் ஏற்றுமதி பற்றி நடந்த கருத்தரங்குக்குப் போய், தோளில் மாட்டும் ஒரு பையோடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து அவர் எங்கள் ஆலோசகர். அந்தப் பை இல்லாமல் கூட்டத்துக்கு வரமாட்டார். அதற்குள் பெரும்பாலும் அவருடைய கண்ணாடிக்கூடு மட்டும்தான் இருக்கும்.

அண்ணை தன் மகனின் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். எந்தெந்த நாட்டில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் சிவப்புப் பேனையால் புள்ளி. லண்டனில் மாமியின் தங்கை. பாரிஸில் அண்ணையின் தம்பி. ரொறன்ரோவில் மாமாவின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் ஒரு பட்டாளம்.

"ஜேர்மனி பெரிய மார்க்கெட் எல்லோ?" என்றார் என் கணவர்.

"அங்க எங்கட ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்ன நாடு அது?" என்று அண்ணை பக்கத்தைப் புரட்டினார்.

அதிகப் புள்ளி விழுந்த இடம் முதல் சந்தை ஆயிற்று. ரொறன்ரோ.

அங்கே எங்கள் தூளுக்குக் கேள்வி இருக்கிறது என்பதற்கு மாமாவிடம் ஆதாரம் இருந்தது. கட்டுநாயக்காவால் யார் பறந்தாலும், அவர் பெட்டியில் எங்கள் தூள் பக்கற்றுகளைத் திணித்துவிடுவது மாமாவின் வழக்கம். உடுப்பை வெளியே எடுத்துவைத்துத் தூளை உள்ளே வைத்தவர்களும் உண்டு. பிறகு அங்கிருந்து மாமாவுக்குப் போன் வரும். "பெரியண்ணை, தூள் அந்த மாதிரி! இஞ்ச எல்லாரும் கேக்கினம். ஆரும் வந்தா இன்னும் கொஞ்சம் குடுத்துவிடுங்கோ." இதைத்தான் அண்ணை டிமாண்ட் என்றார்.

நான் தேத்தண்ணி வைக்க வந்தவள், பொறுக்கமுடியாமல் கேட்டேன். "மாமா, சும்மா குடுத்தா எல்லாரும் வாங்குவினம். காசு குடுத்து வாங்குவினமோ?"

"தங்கச்சி, நீர் வெள்ளைக்காரனுக்குத் தேயிலை வித்தனீர். அவனுக்கு விசாரிக்க வேணும்" என்றார் அண்ணை. "இது எங்கட சனம், எங்கட தூள். இதுக்கு என்ன விசாரணை? அங்க வீட்டுக்குள்ள மிளகாய் வறுத்தா அலாரம் அடிச்சு, ஃபயர் எஞ்சின் வந்து நிக்கும். அப்ப வாங்கத்தானே வேணும்?"

"நெருப்பணைக்க வாறவனுக்கும் ஒரு பக்கற் விக்கலாம்" என்றார் மாமா. மூவரும் சிரித்தார்கள்.

அலாரக் கதை உண்மைதான் என்று பிறகு அறிந்தேன். நான்தான் பிழையாக நினைக்கிறேனோ என்று அன்றிரவே யோசித்தேன். கந்தோரில் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு, தொழில் செய்து வளர்ந்தவரிடம் வாய் காட்டியது சரியா? மகளுக்குப் பல் முளைக்கும் காய்ச்சல். அந்த யோசனை அதோடு போயிற்று.

ஆனால் அடுத்த நாளே மாமி குசினியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். மாடி முழுக்கத் தும்மல். சொந்த மில் இருக்கிற வீட்டில் ஏன் இந்தக் கரைச்சல் என்று கேட்டேன்.

"அது கடைத்தூள், பிள்ளை. இது வீட்டுத்தூள்" என்றார் மாமி, நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல. "அவருக்கு அந்தத் தூளில கறி வச்சா ஒரு வாய் இறங்காது."

இதுதான் எங்கள் ஆட்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தூள். பெருஞ்சீரகம் ஒரு பிடி கூடினால் அது பக்கத்து வீட்டுத் தூள். முதலாளியே தன் தூளைச் சாப்பிடுவதில்லை. அந்தத் தூளை அத்திலாந்திக்குக்கு அப்பால் விற்கப்போகிறார். மாமி சொன்னதை நான் கூட்டத்தில் சொன்னேன். "பொம்பிளையளின்ர குசினிக் கதை" என்று மாமா அடுத்த விஷயத்துக்குப் போனார். குசினியில் நிற்கிற பெண்கள் இல்லாமல் வேறு யார் தூளை வாங்குவார்கள் என்று இவர்கள் நினைத்தார்களோ?

இதெல்லாம் பேச்சாகவே கிடந்திருக்கும். ஒரு நாள் ஆமியும் பொலிசும் வந்து எங்கள் ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடத்தினார்கள். என் கணவரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, மில்லின் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, "மாத்தயா, மாத்தயா" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பொலிஸ் வாசலில் கெஞ்சிக்கொண்டு நின்றேன். மறுநாள் விட்டார்கள். அடி எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டார். மாமா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அடுத்த ஞாயிறு ரொறன்ரோக் கிளை தீர்மானிக்கப்பட்டது. "பிராஞ்ச் மனேஜர் உடன போகவேணும். மார்க்கெட் காத்திராது" என்றார் அண்ணை. சுற்றிவளைப்பைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன். மகனைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு தகப்பன் வாய் திறந்து சொல்வதில் என்ன வெட்கம்? அதற்கு எதற்கு அட்லஸ், தோள்பை, என் தேத்தண்ணி?

அவர் போனார். மாமி அவருடைய பெட்டியில் வைத்தது வீட்டுத்தூள். கம்பனித்தூள் பெட்டி பெட்டியாகப் பின்னால் கப்பலில் போனது. பக்கற்றில் மாமாவின் படம், நெற்றியில் சந்தனப் பொட்டோடு.

கிளை என்பது மாமாவின் ஒன்றுவிட்ட தம்பி வீட்டுப் பேஸ்மென்ற். என் கணவர் பக்கற்றுகளைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் சோறு போட்டார்கள், மகளின் படத்தை வாங்கிப் பார்த்தார்கள். "பெரியண்ணை தூள் குடுத்துவிட்டவரோ? மறக்கேல்லைப் பார்!" என்று பக்கற்றுகளைக் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்தார்கள். இவ்வளவு காலமும் அப்படித்தானே வந்தது. ஊரிலிருந்து வருகிற ஆள் தூள் கொண்டுவருவார், வாங்கி வைப்பார்கள். இந்த முறை கொஞ்சம் கூடவாக வந்திருக்கிறது. சமைப்பதற்கென்னவோ எல்லோரிடமும் தங்கள் தங்கள் தாய்மார் வறுத்து அனுப்பிய தூள் இருந்தது. எங்களுடையதை அயலவருக்குக் கொடுத்தார்கள்.

ஒரு தமிழ்க் கடைக்காரர் மட்டும் உள்ளதைச் சொன்னாராம். "தம்பி, இந்தியாத் தூள் பக்கற்றில நல்ல கோழிக்கறிப் படம் இருக்கு. உங்கடையில உங்கட அப்பா இருக்கிறார். சனம் எதை எடுக்கும், நீரே சொல்லும்."

சனிக்கிழமைகளில் போன் வரும். அப்படி ஒரு சனிக்கிழமை மாமா போனுக்குள் கத்தினார்.

"சரக்கு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது, அப்பா."

"முழுக்கவோ?"

"முழுக்க."

மாமா கை தட்டினார். பிறகு போனை நான் வாங்கினேன். "எப்பிடியப்பா காசு கேக்கிறது?" என்றார் என் கணவர் சின்னக் குரலில். "சாப்பாட்டு மேசையில இருத்தி மீன் துண்டு வச்சவையிட்ட? ஒரு சல்லிக்காசு வாங்கேல்லை."

அதை மறுநாள் ஞாயிற்றுக் கூட்டத்தில் மாமாவிடம் நானே சொன்னேன். "முதல் ரவுண்ட் அப்பிடித்தான். அதுக்குப் பேர் பிரமோஷன்" என்றார் அண்ணை. அன்றைய கூட்டத்தில் லண்டனையும் பாரிஸையும் பற்றிப் பேசினார்கள். எந்தப் பெரிய கம்பனியாவது இப்படித் தோற்றதைக் கொண்டாடியிருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. கொண்டாடியிருக்கவும் கூடும். எங்கள் தேயிலைக் கந்தோரிலும் தோளில் பை மாட்டியவர்கள் சிலர் இருந்தார்கள்.

இரண்டாவது சரக்குப் போகவில்லை. என் கணவர் ஒரு பேக்கரியில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். அகதி வழக்குப் பதிந்தார். இனித் திரும்பி வரமுடியாது. இதைக் கேட்டு அழுதது நான் மட்டும்தான். மாமா தலையசைத்தார், முன்பே தெரிந்த செய்தியைக் கேட்டதுபோல. அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பெயர் "பிராஞ்ச் மனேஜர்"தான்.

போன மாதம் அண்ணை பையைத் திறக்காமலே புதிய திட்டத்தைச் சொன்னார். "பிராஞ்சில மார்க்கெற்றிங் பலவீனம். தங்கச்சி தேயிலைக் கந்தோரில இருந்தவ. கம்பனிக் கடிதம் குடுத்து, பிசினஸ் விசாவில அனுப்புவம்."

"பிள்ளை?" என்றேன்.

"பிள்ளை இஞ்ச நிக்கட்டும். அதிலதான் விஷயம் இருக்கு. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனா, இவள் திரும்ப மாட்டாள் எண்டு விசாக்காரனுக்கு விளங்கும். விட்டிட்டுப் போனா நம்புவான்."

மாமா என்னைப் பார்க்காமல், "கொஞ்சக் காலம்தான் பிள்ளை" என்றார். "நான் பாப்பன்" என்றார் மாமி குசினியிலிருந்து.

அண்ணையின் கருத்தரங்கில் இதற்கும் ஒரு சொல் இருந்திருக்கும். இரண்டு வயதுப் பிள்ளையை ஈடாக வைத்து ஒரு தாயைச் சரக்காக அனுப்புவதற்கு. கேட்க எனக்கு மனம் வரவில்லை. என் கணவரிடம் கேட்டேன், பிறகு பிள்ளையை எடுக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று. "சிலருக்குக் கெதியா வருது. சிலருக்கு வருஷக்கணக்கா இழுபடுது. ஆனா நீர் வாரும்" என்றார். அவர் குரலில் தனிமை இருந்தது. அதை நான் பரிகசிக்கமாட்டேன்.

மகள் என் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாள். நான் குளிக்கப் போனாலும் கதவடியில் இருந்து கூப்பிடுவாள். தகப்பன் என்றால் அவளுக்குப் போன்தான். மணி அடித்தால் "அப்பா" என்று ஓடுவாள், போனில் பால்காரர் பேசினாலும் அப்பாதான். நான் போனால் நானும் அந்தப் போனுக்குள் போய்விடுவேன். போகாவிட்டால் அவளுக்குத் தகப்பன் எத்தனை வருடத்துக்கு இல்லை? இங்கே கதவில் யார் தட்டினாலும் முதலில் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். தட்டுகிற நேரம் நான் இல்லாமல் அவள் மட்டும் இருந்தால்? இந்த வீட்டில் மாமாவின் திட்டங்கள் ஒன்றுமே சொன்னபடி நடந்ததில்லை. ஆனால் என் கணவர் உயிரோடு, பத்திரமாக இருக்கிறார். அதையும் நான் கணக்கில் எடுக்கவேண்டும்.

இதை வாசிக்கிற தாய்மாரே, உங்களில் யாராவது இப்படிச் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்களா? எவ்வளவு காலத்தில் எடுத்தீர்கள்? எயார்போட்டில் பிள்ளை உங்களிடம் வந்ததா, கூட்டிவந்தவரின் சேலைக்குள் ஒளிந்ததா? போகமாட்டேன் என்று நின்றவர்கள் இருந்தால், அதற்குப் பிறகு வீட்டில் எப்படி இருந்தீர்கள், கணவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பிள்ளையோடு சேர்ந்து விசா எடுக்க வேறு நேர்வழி தெரிந்தவர்கள் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம். நேர்முகத்துக்கு முன் உங்கள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.