ஐப்பசியில் வெட்டிய கம்பளி

அக்காவின் முதலாண்டு நினைவுக்கு ஒரு மலர் அச்சிடுவது என்று முடிவானபோது, அவருடைய மகள் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். "அம்மாவைப் பத்தி எல்லாத்தையும் எழுதுங்க மாமா. ஆட்டைப் பத்தி மட்டும் வேணாம். படிச்சுட்டு எல்லாரும் சிரிப்பாங்க."

அந்த ஒன்றைத்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. ஏன் என்பதை மகளிடம் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெற்ற பிறகே எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டிய வீட்டில் அக்கா பிறந்தார். அவர் மூத்தவர், நான் பத்து வயது இளையவன். நடுவில் பிறந்த இருவரும் குழந்தையிலேயே தவறிவிட்டார்கள். அப்பா குத்தகை நிலத்தில் சம்பங்கியும் மல்லிகையும் போட்டு, பூக்கடைகளுக்குக் கொடுத்துவந்தார். எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்த ஆண்டு அது. எனக்கு மூன்று வயது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது.

பொன்மலை ரயில்வே காலனியில் ஓர் ஆங்கிலோ இந்திய அம்மாள் அப்பாவிடம் பூ வாங்குவார். அக்காதான் கூடையோடு பஸ்ஸில் போய்க் கொடுத்துவருவார். அந்த அம்மாள் வராந்தாவில் உட்கார்ந்து கம்பளி பின்னுவதை அக்கா படியில் நின்று பார்ப்பார். சில வாரங்கள் கழித்து அந்த அம்மாள் ஊசியை அக்காவின் கையில் கொடுத்தார். வீட்டில் ஊசி கிடையாது. அப்பாவின் பழைய சைக்கிளில் கழன்ற இரண்டு ஸ்போக்கை அக்கா கல்லில் தேய்த்து முனை எடுத்தார். கடைசி வரைக்கும் அவர் பின்னியது அந்த மாதிரி ஊசியில்தான்.

இருபதாவது வயதில் மருங்காபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு மருமகளாகப் போனார். அத்தானுக்கு நான்கு ஏக்கர் மானாவாரி நிலம், ஒரு கிணறு, இருபத்தாறு குறும்பாடுகள். குறும்பாடு கறுப்பாக இருக்கும், முரட்டு முடி. தையிலும் ஆடியிலும் முடி கத்தரிப்பார்கள். கத்தரித்த அன்றே அது கம்பளி நெய்கிறவர்களிடம் போய்விடும். அக்கா முதல் தையிலேயே ஒரு கூடை முடியை நிறுத்திவைத்துக்கொண்டார். பூந்திக்கொட்டை போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, கையால் பஞ்சாகப் பிரித்து, தக்களியில் நூற்று, மாமியாருக்கு ஒரு போர்வை பின்னினார். அந்த ஊரில் கம்பளியைத் தறியில் பார்த்திருக்கிறார்கள், ஊசியில் பார்த்ததில்லை.

கிணற்றைச் சுற்றி இருந்த கால் ஏக்கர் முள்காடாகக் கிடந்தது. அக்கா அதைத் தோட்டமாக்கினார். கனகாம்பரம், சம்பங்கி, கத்தரி, மிளகாய். மூன்று நாளைக்கு ஒரு முறை மூங்கில் தட்டிப் படலை நகர்த்தி, பாத்தி பாத்தியாக ஆட்டுப் பட்டி போட்டார். பட்டி கிடந்த மண்ணில் செடி வைத்தார். வேலிக்கு அகத்தி நட்டு, அதன் தழையை ஆட்டுக்குப் போட்டார். ஆடு தோட்டத்தையும் தோட்டம் ஆட்டையும் பார்த்துக்கொண்டன. நான் கல்லூரி விடுமுறையில் போனபோதெல்லாம், காலை முதல் பஸ்ஸில் மணப்பாறைக்குப் போகும் பூக்கூடையைப் பார்த்திருக்கிறேன்.

திருமணமாகிப் பன்னிரண்டாவது ஆண்டு மார்கழியில், சளிக் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி அத்தான் ஆறே நாளில் காலமானார். மகளுக்கு அப்போது ஐந்து வயது.

காரியம் முடிந்த அன்று இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் சிலர் அன்று அங்கே இருந்தவர்கள். அக்கா மகளோடு ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அத்தானின் தம்பி, "நிலத்தை நான் பார்த்துக்கறேன் அண்ணி. உங்களுக்கு உண்டானது வீடு தேடி வரும்" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

அக்கா எழுந்து நின்று பேசினார். "ஒரு வருஷம் விடுங்க. எல்லாத்தையும் நானே பார்க்கறேன். அடுத்த தையில இந்த இருபத்தாறு உருப்படி குறையாம இருந்தா நிலம் என் கையிலேயே இருக்கட்டும். குறைஞ்சிருந்தா நீங்க சொல்றபடி கேட்டுக்கறேன்."

"பொம்பளையாலே ஆட்டுப் பட்டியைக் கட்டி மேய்க்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"மேய்க்கிறதை ஆடு பார்த்துக்கும். எண்ணத்தானே ஆள் வேணும்? எனக்கு நூறு வரைக்கும் எண்ணத் தெரியும்" என்றார் அக்கா. பெரியவர்கள் சிரித்துவிட்டு ஓராண்டு கொடுத்தார்கள்.

புரட்டாசி முடிவில் பட்டியில் முப்பத்தொரு உருப்படி இருந்தது.

அந்த மாதம்தான் எனக்கு டில்லியில் ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். அதில் ஒரு வரி: "இங்கே குளிர் இப்போதே நெஞ்சுக்குள் இறங்குகிறது, இருக்கிற மூன்று சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டும் பல் தந்தியடிக்கிறது."

அது உண்மையில்லை. அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்கிறவர்கள் புதியவனை மிரட்டச் சொன்னதை, என் அனுபவம் போல வேடிக்கையாக எழுதினேன். நெஞ்சில் சளி இறங்கி ஒருவர் செத்து ஓராண்டு திரும்பாத வீட்டுக்கு அதை எழுதினேன். எழுதும்போது அது என் நினைவுக்கே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு பார்சல் வந்தது. கறுப்பு ஸ்வெட்டர், முழுக்கை. அதனுள் ஒரு கடிதம். ஸ்வெட்டர் வாங்க அக்கா முதலில் திருச்சிப் பெரிய கடைவீதிக்குப் போனாராம். "இந்த ஊர்ல ஸ்வெட்டர் போட்டா ஆளு வெந்துபோயிடுவாங்கம்மா, யாரு வாங்கி வைப்பா?" என்று கடைக்காரர் கேட்டாராம். அதனால் தானே பின்னியதாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: "மழையில் சில ஆடுகள் போய்விட்டன. நீ கவலைப்படாதே." நான் அதற்குள் டில்லியில் ஒரு ஸ்வெட்டர் வாங்கியிருந்தேன். அக்காவுடையது முடி குட்டையானதால் உடம்பில் குத்தியது. உள்ளே இரண்டு சட்டை போட்டுத்தான் அணிய முடிந்தது. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன். எத்தனை ஆடு போயிற்று என்று கேட்கவில்லை. செய்தி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

தையில் பட்டியில் இருபது உருப்படிதான் இருந்தது. அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நிலத்தை அத்தானின் தம்பியிடம், விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டார். மீதி ஆடுகளைச் சந்தையில் விற்றார். தோட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார். "அவளாலே முடியலை" என்று ஸ்ரீரங்கத்தில் பேசிக்கொண்டார்கள். டில்லியில் இருந்த எனக்கும் அப்படித்தான் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மாற்றலாகித் திருச்சிக்கு வந்தேன். ஒரு நாள் மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பற்றிச் செய்தி எடுக்கப் போயிருந்தபோது, தோளில் பையோடு ஒருவர் என்னை மறித்தார். வீரணன். அந்தப் பக்கத்து ஊர்களில் ஆட்டுக்கு முடி கத்தரிக்கிறவர்.

"நீங்கதானே டில்லித் தம்பி? அந்தக் கறுப்புச் சட்டை வந்து சேந்துச்சா?"

"வந்துச்சுங்க. ஏன் கேட்கறீங்க?"

"பதினோரு உசுரு போன சட்டையாச்சே, அதான் கேட்டேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "நான் கத்திரியை எடுக்க மாட்டேன்னுதான் தம்பி சொன்னேன். ஆடியில வெட்டி மூணு மாசம்கூட ஆகலை. ஐப்பசி மழை தலைக்கு மேல நிக்குது. தைக்கு வரேன்மான்னேன். 'தை வரைக்கும் என் தம்பி தாங்கமாட்டான் வீரணண்ணே. அவரு போனது உங்களுக்கு ஞாபகம் இல்லையா?'ன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன பேசறது? முடி அரை விரல் நீளம்கூட இல்லை. தையா இருந்தா அஞ்சாறு ஆடு போதும். பதினாலை வெட்ட வேண்டியதாப் போச்சு. அப்புறம் நாலு நாள் விடாம மழை. சாக்கைத் தச்சு ஒவ்வொண்ணுக்கும் கட்டிவிட்டாங்க. சாக்கும் நனைஞ்சுபோச்சு. வீட்டுக்குள்ள ஓட்டிவிட்டு, அடுப்பை மூட்டி வச்சு, அம்மாவும் மகளும் வாசல்ல நின்னாங்க. வெட்டின பதினாலுல மூணுதான் தப்பிச்சுது. வெட்டாததுல ஒண்ணுகூடப் போகலை, பார்த்துக்கங்க."

அன்று மதியமே அக்கா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"வீரணனைப் பார்த்தேன்க்கா."

"அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதே."

"ஏன் எனக்கு எழுதலை?"

"என்னன்னு எழுதறது? உனக்குக் குளிருதுன்னு ஆட்டைச் சாகக் குடுத்தேன்னா?"

"அக்கா, நான் அதைச் சும்மா எழுதினேன். அப்ப டில்லியிலே குளிரே இல்லை. ஆபீஸ்ல ஃபேன் ஓடிட்டிருந்துச்சு."

அக்காவின் கை நின்றது. "ஃபேனா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். கையிலிருந்த காயைக் கூடையில் போட்டார். பிறகு அடுத்த செடிக்குப் போனார்.

"இதை யாருகிட்டயும் சொல்லாதேடா. மழையில செத்துச்சுன்னே இருக்கட்டும். உன் பேரு இதுல வர வேணாம்."

நான் சரி என்றேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கத்தில் எங்கள் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அக்கா பந்தியில் இட்லி பரிமாறிக்கொண்டிருந்தார். அத்தானின் தம்பி எனக்கு நான்கு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணிகிட்ட இட்லியை மட்டும் குடுங்க, தப்பித் தவறி ஆட்டைக் குடுத்துடாதீங்க" என்றார் அவர் சத்தமாக.

"ஏன் மாப்ளே?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஐப்பசி மழையில ஆட்டை மொட்டையடிச்சு விட்டவங்க. பழநிக்கு வேண்டிக்கிட்டாங்களோ என்னமோ!"

வரிசை முழுதும் சிரித்தது. அக்கா நிற்காமல் பரிமாறிக்கொண்டே, "ஆமா, ஆட்டுக்கு நேர்த்திக்கடன் இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? இன்னும் ரெண்டு போட்டுக்கங்க" என்றார். அதற்கும் சிரித்தார்கள். என் இலைக்கு வந்ததும், "உனக்கு, தம்பி?" என்றார்.

"போதும்" என்றேன். அன்று அந்தப் பந்தியில் நான் பேசிய ஒரே சொல் அதுதான். பத்துப் பேர் காதில் விழும்படி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தக் கதை அன்றே முடிந்திருக்கும். அது முடியவில்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் யாராவது அதைச் சொன்னார்கள். மகள் பெரியவளாகி, அதைக் கேட்டுத் தலைகுனியும் வயதுக்கு வந்தாள்.

பிற்காலத்தில் அக்கா ஊர் மாதர் சங்கத்தில் பின்னல் சொல்லிக்கொடுத்தார். தலையணை உறை, மேசைவிரிப்பு, குழந்தைத் தொப்பி. நூல் கடையில் வாங்கியது. ஆட்டுக்குட்டி ஒன்றுகூட அவர் மறுபடி வாங்கவில்லை. பட்டி போடாத பாத்திகளில் செடி வளர்ந்தது. முன்பு இரண்டு கூடை வந்த இடத்தில் ஒரு கூடை வந்தது. அதைக்கொண்டே மகளை ஆசிரியைப் பயிற்சி வரை படிக்கவைத்தார்.

சென்ற ஆண்டு வயிற்றில் கட்டி என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்தொன்பது நாள் இருந்தார். ஒரு மாலை, "எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்க்கா" என்றேன். "அதுக்கு இப்ப என்ன அவசரம்? செடிக்குத் தண்ணி விட்டாங்களான்னு கேட்டியா?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. மறுநாள் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். மறுநாள் அவருக்கு நினைவு இல்லை.

அந்தப் பத்தொன்பது நாளும் முறைவைத்துத் துணையிருந்த மாதர் சங்கப் பெண்களுக்கும், இரவுபகல் பாராமல் கவனித்த மருத்துவர், நர்சுகளுக்கும், தோட்டம் காயாமல் தண்ணீர் இறைத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி உரியது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அக்காவைப் படுக்கவைத்து பஸ் ரோடு வரை கொண்டுவந்தவர் அத்தானின் தம்பி. இறந்த ஆடுகளுக்கு அந்த மழையில் குழி வெட்டியவரும் அவரே. காரணம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேலியை அவர் செய்திருக்கமாட்டார். அவருக்கு நன்றியும், இத்தனை நாள் மறைத்ததற்கு என் வருத்தமும். காரணம் தெரிந்தும் அக்காவுக்காகக் கத்திரியைக் கையில் எடுத்த வீரணன் அவர்களுக்குத் தனியாக வணக்கம்.

பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். இது பல ஆண்டுகள் தாமதமான திருத்தம். திருத்தப்பட்ட செய்தியைப் படிக்க வேண்டியவர் இப்போது இல்லை. அவர் சொல்லக்கூடாது என்று சொன்னதை மீறித்தான் அச்சிடுகிறேன்.

அக்காவால் முடிந்தது. இருபத்தாறு உருப்படியைப் பத்து மாதத்தில் முப்பத்தொன்றாக்கினார். அவற்றில் பதினொன்றைக் கொன்றது அவருடைய அறியாமை அல்ல, என் கடிதம். இனி நம் வீடுகளில் யாராவது இந்தக் கதையைச் சொல்ல நேர்ந்தால், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.