பூதத்தை நான் அடித்த நாள்

மகளின் போனில் லெவல் கூடும் மணிச்சத்தம் கேட்டால், நானும் அண்ணனும் கேம் விளையாடிய, எங்கள் முந்தல் ஊர்க் கம்ப்யூட்டர் கடைக்கே நினைவில் போய்விடுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் நின்ற வருடம் அது. கேமின் கடைசிப் பூதத்துக்குப் பயந்து, சின்னப் பேய்களையே அடித்து அடித்து என் வீரனின் பலத்தை ஏற்றுவேன். அண்ணனோ பலமில்லாத வீரனோடு அந்தப் பூதத்திடம் போய், விலகி விலகியே வெல்வான்.

"பலம் வீரனுக்குத்தான் தங்கச்சி, உன்ட கைக்கில்ல" என்பான்.

இத்தாலிக்குப் போவதற்கு முந்தின நாள், "இண்டைக்குப் பூதத்தை நீ அடி, நான் பாக்கிறன்" என்றான்.

"நாளைக்கு அடிக்கிறன் அண்ணா."

"நாளைக்கு நான் எங்க?"

அப்படியும் பயந்து எழும்பிவிட்டேன்.

அவன் போனபின் தனியே போய் அடித்தேன். பூதம் இரண்டே அடியில் செத்தது. சொல்லத் திரும்பினேன். அண்ணன் இருக்கும் பக்கத்துக் கதிரையில் வேறு யாரோ இருந்தார்.

அண்ணனிடம் இன்றுவரை சொல்லவில்லை. அடித்தது வீரன், நீயில்லை என்பான். அதை அவன் என் பக்கத்தில் இருந்து சொன்னால் கேட்டுக்கொள்வேன்.