வெள்ளம் வந்து போன கடல்கள்

வேலந்தாவளத்தில் அன்று மாட்டுச் சந்தை. பேருந்து நகர வழியில்லாமல் நின்றிருந்தபோது, எருத்தேன்பதிப் பள்ளிக்கூடத்து உதவியாளர் என்னை அழைத்தார். "சார், நம்ம மயிலாத்தா டீச்சர் காலையில தவறிட்டாங்க" என்றார். சந்தை இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி, மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மயிலாத்தாள் டீச்சர், கேரள எல்லைக்குள் எருத்தேன்பதியில் இருக்கும் எங்கள் பள்ளியில் தமிழ் வழியில் அறிவியல் கற்பித்தவர். நான் அங்கே தமிழாசிரியன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருநாள் கடைசிப் பாடவேளையில், பகலிலேயே தெரிந்த அரை நிலவைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் கறுப்புத் திட்டுகள் மங்கலாகத் தெரிந்தன. நான் சும்மா இருந்திருக்கலாம். "பாருங்கள், நம்மூர்க் கரிசல் மண் நிலவிலும் இருக்கிறது!" என்று எடுத்துவிட்டேன்.

"இல்லீங்க சார்," என்றார் டீச்சர். "அது எரிமலைக் கொழம்பு பரவி, ஆறிப் பாறையானதுங்க. நம்ம கருமண்ணு அப்படி வந்ததில்லீங்க. நெறம் ஒண்ணா இருந்தாச் சொந்தமாயிருமா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தச் சமவெளிகளைப் பழங்காலத்தவர் தண்ணீர் என்று நம்பிக் கடல் என்று பெயரிட்டதையும், தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டதையும் அவர் சொல்லச் சொல்ல, நானும் பிள்ளைகளோடு நின்று கேட்டேன்.

சில ஆண்டுகள் கழித்துப் பாடநூல் மொழிபெயர்ப்புக் குழுவில் இருவருக்கும் இடம் கிடைத்தது. மலையாளத்தில் எழுதப்பட்ட அறிவியல் நூலை அவர் தமிழாக்க வேண்டும். நான் மொழியைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் பகுதியிலிருந்து ஒரு பெண் அந்த மேசைக்குப் போனது எங்களுக்கெல்லாம் பெரிய விஷயம். அவருக்கும் அது உயிராக இருந்தது.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். எங்கள் ஊரில் இரண்டு மொழியும் ஒரே வாயில் புழங்குகின்றன. அதனால் "நிலவின் கடல்களில் வெள்ளம் இல்லை" என்ற வரி அவர் பேனாவிலிருந்து இயல்பாக இறங்கியது. தமிழில் பட்டம் வாங்கிய நானும் பக்கத்தில் சரி என்று குறியிட்டேன். நூல் அச்சாகி வந்துவிட்டது.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது: நிலவின் கடல்களில் நீர் உண்டா? எங்கள் பிள்ளைகள் பலர், "நீர் உண்டு, வெள்ளப்பெருக்கு மட்டும் இல்லை" என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தார்கள். விடைத்தாளோடு ஒரு மாணவி வந்து நின்றாள். "புக்குல இருக்கறதத்தானுங்க டீச்சர் எழுதுனேன்." டீச்சர் நூலைப் புரட்டி அந்த வரியைப் படித்தார்.

அன்றே மேலிடத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அச்சுப்பிழை என்று சொல்லிவிடலாமே என்றேன். "அச்சடிச்சவன் என்னுங்க பண்ணுவான் பாவம்?" என்று கேட்டுவிட்டு எழுதினார். நானும் கையெழுத்திடுகிறேன் என்றபோது தாளை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க சார். இதுக்கு ஒருத்தர் போனாப் போதும். ரெண்டு பேரும் போயிட்டா, அடுத்த புக்குல நம்ம புள்ளைங்களுக்காகப் பேச அங்க ஆரு இருக்கறாங்க?"

பிழை என்னுடையது, பிள்ளைகளுக்கு மதிப்பெண் தர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. ஒரு சொல்லுக்காக இவ்வளவா என்று அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அலுத்துக்கொண்டார். டீச்சர் விடவில்லை. மதிப்பெண் கிடைத்தது. அடுத்த குழுவில் அவர் பெயர் இல்லை.

அதற்காக அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. திருத்திய வரியைச் சிறு சிறு சீட்டுகளாக அச்சிட்டு, சனிக்கிழமைகளில் பேருந்து ஏறி, சுற்றுவட்டாரத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்குப் போய்ப் புத்தகம் புத்தகமாகத் தம் கையாலேயே ஒட்டினார். அந்த வரி இது: "நிலவின் கடல்களில் தண்ணீர் இல்லை. ஆனால் முன்னொரு காலம் வெள்ளம் வந்தது. வந்தது எரிமலைக் குழம்பு." தம்மைக் கவிழ்த்த சொல்லைத் தூக்கி எறியாமல், அதற்குரிய இடத்தில் உட்கார வைத்தார் பாருங்கள்! தமிழாசிரியனான எனக்கு அது தோன்றவில்லை. அடுத்த பதிப்பில் அந்த வரி அப்படியே ஏறியது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பள்ளி மைதானத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு அவரிடம் படித்தவர்கள் முதலமடையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மாலை நான்கு மணி. தென்னைகளுக்கு மேலே அரை நிலவு வெளுப்பாக நின்றது. என்னைப் பேச அழைத்தார்கள். நான் அந்தக் குழுவில் பல ஆண்டுகள் இருந்து, பொன்னாடையும் போர்த்திக்கொண்டவன். அந்தப் பிழைக்குச் சரி என்று குறியிட்டது யார் என்பதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று ஒலிபெருக்கியில் சொன்னேன். முன்வரிசையில் இருந்த அவர் மகள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "அம்மா எங்ககிட்டக்கூட உங்க பேரச் சொல்லலீங்க" என்றார்.

டீச்சர், பிழை நம் இருவருடையது. திருத்தம் உங்களுடையது. போயிட்டு வாங்க.