கடல்பூவை யார் தொட்டது

எனக்குக் கல்யாணமாகி மானாம்பதியிலிருந்து உத்திரமேரூருக்கு வந்த வருஷம், என் கணவர் பள்ளிப் பிள்ளைகளை மண்டபம் கடற்கரைக்குச் சுற்றுலா கூட்டிப் போனார். அவர் விலங்கியல் ஆசிரியர். திரும்பி வரும்போது மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீரும் அதற்குள் ஒரு கல்லும் இருந்தன. கல்லின் மேல், விரித்த கைவிரல்கள் மாதிரி மங்கிய மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மென்பவளம் என்றார். கூடத்துக்குப் பக்கத்து அறையில் கண்ணாடித் தொட்டி வைத்து, காற்று பம்பு மாட்டி, அதை உள்ளே இறக்கினார். கொஞ்ச நேரத்தில் விரல்கள் முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள் விரிந்தன. நானும் அவர் அம்மாவான என் அத்தையும் அதைக் கடல்பூ என்றுதான் சொல்வோம்.

அது செடியில்லை, பிராணி. அதிகம் பொறுக்காது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். சோப்புக் கையை விடக்கூடாது. கரண்ட் போய்விட்டால் தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்ற வேண்டும். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றினால் உப்பு ஏறிவிடும். வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அவருக்கு நம்பிக்கையில்லை. மழைத் தண்ணீரைப் பிடித்து, என் சீரில் வந்த செம்புத் தவலையில் ஊற்றி மூடி வைத்திருந்தார். அதிலிருந்து அவரேதான் எடுத்து விடுவார்.

வெயில் ஏற ஆரம்பித்ததும் பூக்கள் மூடிக்கொண்டன. விரல்கள் சுருங்கி, மேலே கொழகொழவென்று ஒரு படலம் வந்தது. அவர் சதுரங்கப்பட்டினம் போய்க் கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து பாதியை மாற்றினார். விரிந்தது. சில நாளில் மறுபடியும் சுருங்கியது. இப்படியே நடந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் இலையைப் பார்த்தபடியே கேட்டார். "நீ அதுல கை வெச்சியா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை என்பது அவர் சாப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. அதற்கப்புறம் நான் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தால் என் கையைப் பார்ப்பார். தொட்டி மூடிமேல் ஒரு நூலை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்.

நான் அத்தையைச் சந்தேகப்பட்டேன். வீச்சம் அடிக்கிறது என்று முணுமுணுப்பது அவர்தான். ஒரு மத்தியானம் அந்த அறையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். என்ன அத்தை என்றேன். ஜன்னலைத் துடைத்ததாகச் சொன்னார். ஜன்னலைப் போய்ப் பார்த்தேன்; ஈரம் இருந்தது. இருந்தும் மனசு ஆறவில்லை. அத்தையும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததாகத் தோன்றியது.

பிறகு என் கணவர் அறையைப் பூட்டினார். பூட்டிய அறைக்குள்ளும் அது வாடியது. எனக்கு வேறொரு பயம் வந்தது. என்னைக் குற்றம் சொல்வதற்காக இவரே ஏதாவது செய்கிறாரோ? கட்டிக்கொண்டவரைப் பற்றி அப்படி நினைத்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கோடை விடுமுறையில் அவருக்குப் பயிற்சி வகுப்பு வந்தது. போவதற்கு முன் புதுக் கடல் தண்ணீர் மாற்றிவிட்டு, என் கண்ணெதிரிலேயே சாவியை அத்தையிடம் கொடுத்தார். அவர் பஸ் ஏறப் போனதும் அத்தை அதை என்னிடம் நீட்டினார்.

"எனுக்கு இன்னாத்துக்கும்மா இது. நீயே பாத்துக்கோ."

நான் அத்தையைச் சந்தேகப்பட்டதை நினைத்து நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தவலையில் தண்ணீர் தீர்ந்திருந்தது. நல்ல வேளையாக ஒரு கோடை மழை பெய்தது. மண்பானையில் பிடித்து வைத்து, அதிலிருந்து விட்டேன். கடல்பூ மூடவேயில்லை. அவர் திரும்பி வந்து தொட்டியைக் குனிந்து பார்த்தபோது எல்லா விரல்களிலும் பூ விரிந்திருந்தது. நான்தான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்லி, சந்தோஷப்படுவார் என்று நின்றேன்.

"நான் இல்லாதப்ப மட்டும் நல்லா கீது," என்றார். "அப்ப உனுக்கு எல்லாம் தெரியும். இதுக்கு முன்ன இன்னாத்த ஊத்திக்கினு இருந்த?"

எனக்குக் கோபம் வந்தது. மண்பானையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். இந்தத் தண்ணீரைத்தான் விட்டேன், தவலை காலி என்றேன். அவர் பானையைப் பார்த்தார். போய்த் தவலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே சுற்றிலும் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"செம்பு," என்றார். "செம்பு இதுக்கு விஷம். பாடத்துல நானே சொல்லிக்கினு கீறேன்."

அத்தை உள்ளேயிருந்து, மருமகளிடம் ஒரு வார்த்தை பேசேன்டா என்றார். அவர் அறைக்குள் போய்விட்டார்.

கடல்பூ அடுத்த கோடைவரை இருந்தது; நீண்ட மின்வெட்டில் அழுகிப் போனது. அப்போது அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. செம்புக் கதையைப் பல வருஷம் சக ஆசிரியர்களிடம் சுவாரசியமாகச் சொல்வார். அதில் தவலை வரும், மழைத் தண்ணீர் வரும். என்னிடம் கேட்ட கேள்விகள் வராது. நான் காப்பியை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தபடி நிற்பேன்.