அப்பா எழுந்திருக்காத நாடகம்

நான் போடுவது நவீன நாடகம். எங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் அதைப் பற்றிக் கேட்டால், "அந்தப் பொண்ணு என்னமோ பண்ணுது" என்பார்கள். என் நாடகத்தில் ஒன்றையாவது அப்பா கடைசிவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே வெறி. மற்றவர்கள் பாராட்டு யாருக்கு வேண்டும்! போன நாடகத்தில் ஒரு பலாப்பழத்தை வெறித்தபடி மேடையில் மௌனமாக உட்கார்ந்திருந்தேன். அப்பா பாதியிலேயே எழுந்து, "பழந்தான் பழுத்துடுச்சே, அறுக்காம என்னாத்துக்குப் பாத்துகினு கெடக்குற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டு வெளியேறினார். கைத்தட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாடகத்தில் பார்வையாளர்களையே சீண்டிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். சமுதாயக்கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும், "கடைசி நாற்காலி காலியாகும்போதுதான் நாடகம் முடியும்" என்று அறிவித்தேன். ஹெல்மெட் போட்ட என் நடிகர்கள் இருவர் வந்து, நாற்காலிகளைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டு, "இந்த இடம் எங்களுக்கு வேணும், எழுந்திருங்க" என்று அதட்டினார்கள். ஜனங்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வருவார்கள் என்று மேடையோரம் காத்திருந்தேன்.

கொதித்தார்களாவது! நைட் ஷிப்ட்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் எழுந்தார்கள். விட்டால் போதும் என்று மற்றவர்களும் பின்னாலேயே நடந்தார்கள். ஒருவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வேறு வைத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷர், நாசமாய்ப் போக.

அப்பா மட்டும் அசையவில்லை. நடிகர்கள் அதட்டினார்கள், பிறகு கெஞ்சினார்கள். கூடத்தைப் பூட்ட வந்த வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். கடைசியில் நானே போய், "எழுந்திருங்கப்பா, நாடகம் முடியணும்" என்றேன்.

"ரெண்டு தடவ எழுந்துட்டேன் பாப்பா" என்றார் அப்பா. "மைன்ஸுக்கு வேணும்னாங்க, கம்மாபுரத்து வூட்ட வுட்டு எழுந்தேன். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸ வுட்டு எழுந்தேன். இப்ப மந்தாரக்குப்பத்துல வாடகை வூட்ல கெடக்குறோம். சரி, இந்த நாற்காலியையும் வுட்டு எழுந்துக்கிறேன். எங்க போவணும், அத்தச் சொல்லு."

நடிகர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எல்லோரையும் எழுப்புவதற்குத்தான் வசனம் எழுதியிருந்தேன். எங்கே போக வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன். அடுக்கியிருந்த நாற்காலிகளிலிருந்து ஒன்றை உருவி அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"பலாப்பழத்துக்கு இது தேவலாம்" என்றார் அப்பா.